கஸ்தூரி அடித்துவிட்ட விடை

கஸ்தூரி தன் விடையை அடித்ததை நான் பார்த்தேன்.

வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறையில் தேர்வு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன் வரிசையில், சற்று வலது பக்கமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் வரைந்த சாய்வுக் கோடும், கோட்டின் மேல் ஒரு கட்டமும், அந்தக் கட்டத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய ஓர் அம்பும் என் இடத்திலிருந்தே தெரிந்தன. அவள் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். பிறகு அளவுகோலை எடுத்து வைத்து, நிதானமாக இரண்டு கோடு இழுத்தாள்.

கிறுக்கி அழிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தப்பைக்கூட ஒழுங்காகத்தான் அடிப்பாள்.

ஆனால் அவள் அடித்தது தப்பு இல்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்று எழுதியிருந்தேன். பெருமையாகத்தான் எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பெருமை செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லிக்கொண்டு போக முடியவில்லை.

பஸ் வரும் வரை

எங்கள் ஊர் நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு நானும் கஸ்தூரியும் நகரியத்துக்குள் ஒரு பள்ளியில் சேர்ந்தோம். அங்கே எங்களோடு படித்தவர்களில் பாதிப்பேர் சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். எந்த பிளாக் என்று கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். எங்களுக்குச் சொல்ல எண் இல்லை.

பள்ளி விட்டபின் எங்கள் ஊர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் எதிரும் புதிருமாகக் கால் போட்டு உட்கார்ந்துகொள்வோம். நடுவில் புத்தகம். ஷிப்ட் முடிந்து போகிற சைக்கிள்களும் வண்டிகளும் எங்கள் மேல் புழுதியை இறைத்துவிட்டுப் போகும். காற்று சுரங்கப் பக்கமிருந்து அடித்தால் ஈரமான கரி வாசம் வரும். மழைக்கு நனைந்த சாக்கைப் போல ஒரு வாசம்.

கஸ்தூரியின் அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரி நிலம், நான்கு ஆடு. என் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கரியை ஏற்றிப்போகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை வாரிப்போடுவார். இரண்டு வீட்டிலும் கையெழுத்துப் போடத் தெரிந்த பெரியவர்கள் கிடையாது. கஸ்தூரிக்கு ஒரு அக்கா. ஐந்தாவதோடு நின்று பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

என்னைத் திருத்த ஆள் இல்லை

மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாவற்றையும் நான்தான் படிப்பேன். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கரண்ட் கார்டு, கல்யாணப் பத்திரிகை. நான் படித்தால் அதுதான் முடிவு.

ஒருமுறை பஸ்ஸின் பலகையைத் தப்பாகப் படித்து அப்பாவை ஏற்றிவிட்டேன். விருத்தாசலம் போக வேண்டியவர் சிதம்பரம் பாதி தூரம் போய் இறங்கி, வெயிலில் திரும்பி வந்தார். வந்ததும் பஸ்காரனைத்தான் திட்டினார்.

"போர்டு ஒண்ணு போட்டுட்டு வேற எங்கியோ ஓட்டறானுங்க. எம் பொண்ணு சரியாத்தான் படிச்சுது."

எனக்கு அப்போதே தெரியும், தப்பு என்னுடையது என்று. வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மூடிப் போடுவது

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் எங்களைக் கதிகலங்க வைத்தது. விசை, முடுக்கம், உராய்வு, சாய்தளம். பாடத்தைப் படித்தால் புரிந்ததுபோல் இருக்கும். கணக்கைப் பார்த்தால் கை நகராது.

இயற்பியல் டீச்சர் ஒரு வழி சொல்லித் தந்தார். கைடில் போட்டுக் காட்டியிருக்கிற கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்வியை மட்டும் படித்துவிட்டு, விடையை ஓர் அட்டையால் மூடிவிட வேண்டும். பொருளைத் தனியாக வரைந்து, அதன் மேல் எந்தெந்தப் பக்கமிருந்து என்னென்ன விசை என்று அம்பு போட வேண்டும். தானாகப் போட்டு முடித்த பிறகு அட்டையை வரி வரியாகக் கீழே இறக்கி, எங்கே பிரிந்து போனோம் என்று பார்க்க வேண்டும். இதற்கு எங்கள் வகுப்பில் 'மூடிப் போடுவது' என்று பெயர்.

"மூடாம பாத்துகினே போனா அது கதைப் புஸ்தகம்டி பொண்ணுங்களா" என்பார் டீச்சர். அவர் எந்த மாவட்டத்துக்காரரோ, எங்கள் பேச்சை எங்களைவிட அழகாகப் பேசுவார்.

கஸ்தூரி மூடிப் போட்டாள். ஒரு கணக்குக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். பெஞ்சின் சிமென்ட்டில் சாக்பீஸால் கட்டம் வரைந்து அதையே வெறித்துக்கொண்டிருப்பாள். பஸ் வரும்போது பாதியில் இருப்பாள்.

நான் மூடவில்லை. எனக்கு மனப்பாடம் பிறவியிலேயே வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கணக்குகளைப் படத்தோடு, படியோடு, கடைசியில் அடிக்கோடு போட்ட விடையோடு அப்படியே ஒப்பிப்பேன். பள்ளித் தேர்வில் எண்களைக்கூட மாற்றாமல் கேட்டார்கள். நான்தான் முதல் மதிப்பெண். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என் நோட்டை வாங்கிப் போனார்கள். எந்த பிளாக் என்று அதன்பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

கஸ்தூரி முப்பத்தெட்டு வாங்கியிருந்தாள்.

"எனுக்குச் சொல்லித் தாடி மலரு" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து நான் அவளுக்கு வாத்தியார் ஆனேன்.

பசை போட்டா ஒட்டி வெச்சிருக்கான்?

கைடில் ஒரு லாரிக் கணக்கு. நாற்பது கிலோ பெட்டி ஒன்று லாரியின் மேல் இருக்கிறது. லாரி வேகமெடுத்து முன்னால் போகிறது. பெட்டி வழுக்கவில்லை. பெட்டியின் மேல் உராய்வு விசை எவ்வளவு, எந்தப் பக்கம்? விடை எண்பது நியூட்டன். படத்தில் உராய்வின் அம்பு முன்பக்கம் போட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிராகத்தான் இருக்கும் என்று நான் ஒரு சூத்திரமாகவே படித்து வைத்திருந்தேன். லாரி முன்னால் போனால் உராய்வு பின்னால்தானே? அச்சுப்பிழை. நீலப் பேனாவால் அந்த அம்பின் தலையை அடித்து, வாலில் ஒரு தலை வைத்துப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். புத்தகத்தையே திருத்திய பெருமை அன்று முழுவதும் இருந்தது. எப்படிப் போட்டாலும் விடை எண்பதுதான் வந்தது. அதனால் என் தப்பு என் கண்ணில் படவே இல்லை.

கஸ்தூரிக்கு அது உறுத்தியது.

"லாரி கெளம்புறப்ப பெட்டி பின்னாலதான சரியப் பாக்கும்? அத சரிய விடாம முன்னால இஸ்துகினு போறது எது?"

"லாரி."

"லாரி எங்க தொடுது பெட்டிய? அடியிலதான? அடியில இருக்கறது உராய்வு ஒண்ணுதான?"

"விடை எம்பது வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சி."

"அப்பறம் என்னாடி?"

அவள் விடவில்லை. நிழற்குடைக்கு எதிரே, தூரத்தில், மரங்களுக்கு மேல் கரி ஏறிப்போகிற பெல்ட்டின் சாய்வு தெரியும். அதைக் காட்டினாள்.

"தோ, கரி மேல ஏறுது பாரு. எதாலடி ஏறுது?"

"பெல்ட்டு ஏத்துது."

"பெல்ட்டு எப்டி ஏத்துது? கரியப் பசை போட்டா ஒட்டி வெச்சிருக்கான்? பெல்ட்டு வழவழன்னு இருந்துச்சினா கரி சர்ருனு கீழ வந்துடும். அப்ப உராய்வுதான மேல தூக்குது? ஒங்க அப்பாவ வோணா கேளு."

அப்பாவைக் கேள் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் போய் இயற்பியல் கேட்பதா?

"இதெல்லாம் கேட்டுகினு இருந்தா நீ முப்பத்தெட்டுலயே நிப்ப. உராய்வுன்னா எதிர்ப்பக்கம். கண்ண மூடிகினு எதிர்ப்பக்கம் போடு. முதல் மார்க் நான் வாங்கறனா, நீ வாங்கறியா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. சாக்பீஸ் படத்தை உள்ளங்கையால் துடைத்தாள். "சரி டீச்சரம்மா" என்றாள். கிண்டலாகத்தான் சொல்ல முயன்றாள், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு அவள் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். அதை நான் முன்னேற்றம் என்று நினைத்தேன்.

இரண்டு இடம்

அந்த ஆண்டு ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு பள்ளிக்கு வந்தது. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது தாண்டிய பெண்களுக்கு ஒரு தேர்வு. இயற்பியலும் கணக்கும் மட்டும். எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பேர். தேர்வானால் பன்னிரண்டாவது முடித்தபின் பொறியியல் கல்லூரி, விடுதி, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கஸ்தூரியின் அப்பா விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கும்போது நானும் அங்கே இருந்தேன். அவர் கோபக்காரர் இல்லை. கட்டைவிரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"கெடச்சா படிக்கட்டும்மா. நானா வோணாங்கறேன்? கெடக்கலன்னா இதோட நின்னுட்டு அவ அக்காகூட கொட்ட ஒடைக்கப் போவட்டும். பன்னண்டாவுது வரிக்கும் படிச்சிட்டு கொட்ட ஒடைக்கறதும், பதினொண்ணாவுதோட போயி ஒடைக்கறதும் ஒண்ணுதான?"

கஸ்தூரி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய அக்காவின் கைகளை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைச் சுடும். விரல் நுனியெல்லாம் கறுத்து, உரிந்து, மறுபடி கறுத்திருக்கும். ஊரில் எங்கேயாவது சாப்பிட உட்கார்ந்தால் அக்கா கையை இலைக்கு மேல் காட்டத் தயங்குவாள்.

சனிக்கிழமை மத்தியானம்

தேர்வுக்கு முதல் நாள், சனிக்கிழமை. வீட்டில் யாரும் இல்லை. அம்மா களையெடுக்கப் போயிருந்தார். கைடை முதலிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தேன். லாரிக் கணக்கு வந்தது. எல்லாம் மனப்பாடம்தானே என்கிற சலிப்பில், முதல்முறையாக, விளையாட்டுக்கு விடையை மூடினேன். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை கிடந்தது, அதைக் கொண்டுதான் மூடினேன்.

பெட்டியை வரைந்தேன். எடை, கீழே. லாரித் தளத்தின் தாங்குவிசை, மேலே. உராய்வு, பின்னால்.

அவ்வளவுதான். வேறு அம்பு இல்லை.

பெட்டி முன்னால் போக வேண்டும். முன்னால் தள்ள ஒன்றுமே இல்லை. மறுபடி வரைந்தேன். மூன்றாவது முறை வரைந்தபோது என் காதில் கஸ்தூரியின் குரல் கேட்டது. அடியில இருக்கறது உராய்வு ஒண்ணுதான?

பத்திரிகையை எடுத்தேன். அச்சில் அம்பு முன்னால் இருந்தது. அதன் மேல் என் நீல மை.

புரிந்துவிட்ட சந்தோஷம் என்று ஒன்று சொல்வார்களே, அது எனக்கு அன்றைக்குத் துளியும் வரவில்லை. இவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. அறுபது கணக்கு ஒப்பிக்கிற எனக்குத் தெரியாதது, முப்பத்தெட்டு வாங்கியவளுக்கு, நிழற்குடையில் உட்கார்ந்தபடியே தெரிந்திருந்தது.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டி வரை போனேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'நான் தப்பாச் சொல்லிட்டேன்.' நான்கு சொற்கள்கூட இல்லை. தொட்டியின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கு பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

ஆமா

மறுநாள் காலை பஸ்ஸில் கஸ்தூரி ஜன்னலோரம். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து, பின்னலை இறுக்கிக் கட்டியிருந்தாள். விரல்களைப் பிசைந்துகொண்டே சூத்திரங்களை முணுமுணுத்தாள். வடலூர் வளைவு தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"மலரு, கடேசியா ஒண்ணே ஒண்ணு. உராய்வு எப்பவும் எதிர்ப்பக்கம்தான? கண்ண மூடிகினு போட்டுடலாமில்ல?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. இறங்க வேண்டியவர்கள் எழுந்து நின்றார்கள். நாங்களும் எழுந்தோம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்களாக யோசிக்கிறேன். தப்பை ஒப்புக்கொள்ள வெட்கம். அது உண்மை. கடைசி நேரத்தில் குழப்பக் கூடாது என்று நினைத்தேன் என்றும் சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இடங்கள் இரண்டுதான் என்பது அந்த நொடியில் என் மனதில் இருந்ததா? இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை.

கேள்வித்தாளில் ஆறாவது கணக்கு. முப்பது டிகிரி சாய்வில் சீரான வேகத்தில் மேலேறும் ஒரு பெல்ட். அதன் மேல் வழுக்காமல் இருக்கும் பத்து கிலோ கட்டி. உராய்வு விசையின் அளவும் திசையும் என்ன?

எங்கள் ஊர்க்காரர்கள் யாரோதான் கேள்வித்தாள் தயாரித்திருக்க வேண்டும்.

ஐம்பது நியூட்டன், மேல்நோக்கி என்று எழுதினேன். தலை நிமிர்ந்தேன். கஸ்தூரியும் மேல்நோக்கித்தான் போட்டிருந்தாள். யாரும் சொல்லித் தராமல், பெல்ட்டையும் கரியையும் மனதில் வைத்துத் தானாகவே போட்டிருந்தாள். அப்புறம் நான் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

அளவுகோலை எடுத்தாள்.

பட்டியல்

மூன்று வாரம் கழித்துப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பெயர்களை மதிப்பெண்ணோடு ஒட்டினார்கள். முதல் பெயர் பண்ருட்டியில் படிக்கிற ஒரு பெண். இரண்டாவது நான். மூன்றாவது கஸ்தூரி. எனக்கும் அவளுக்கும் இருந்த இடைவெளி ஒரு கணக்கைவிடக் குறைவு. டீச்சர் கணக்குப் பார்த்துச் சொன்னார். "ஒரு கணக்குக் கூடப் போட்டிருந்தா நீதாம்மா ரெண்டாவது" என்று அவள் தலையைத் தடவினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நீ சொல்லிக் குடுத்துத்தான்டி இவ்ளோ தூரம் வந்தேன்" என்றாள்.

பதினொன்றாவது தேர்வு எழுதினாள். அத்தோடு நின்றுவிட்டாள். அவள் அப்பா சொன்னதைச் செய்கிறவர்.

கொட்டை உடைக்கிற கொட்டகையில்

நான் பொறியியல் முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கஸ்தூரியைப் பார்ப்பேன், சிரிப்போம், வேறு ஏதாவது பேசுவோம். போன கோடையில், இனிமேலும் முடியாது என்று தோன்றி, அவள் வேலை செய்கிற இடத்துக்கே போனேன். பலாப்பழ லாரிகள் போகிற சாலையோரம், தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகப் பெண்கள். ஒரு கையால் கொட்டையை வைத்து, இன்னொரு கையால் நெம்புகோலை அமுக்க, 'டக்' என்று ஓடு பிளக்கும். சூடான எண்ணெயின் காரம் கண்ணைக் கரித்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "இஞ்சினீரு. எங்கூடப் படிச்சவ" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வேப்ப மரத்தடியில் நின்றோம். அவளுடைய விரல் நுனிகள் கறுத்திருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். நீல மை, சனிக்கிழமை, தண்ணீர்த் தொட்டி, பஸ். எதையும் விடவில்லை. அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள்தானே அழ வேண்டும், நான் எப்படி அழுவது என்றும் இருந்தது.

அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் மொதல்ல போட்டது சரியா?"

"சரி."

"அம்பது? மேல் பக்கம்?"

"ஆமா. அப்டியே சரி."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பதினாறு வயசில் பார்த்த முகம். உடனே போய்விட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ஏன்டி இப்ப வந்து சொன்ன?"

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனுக்கு மண்டையில ஒண்ணும் இல்ல, அதான் கெடக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்டி இத்தினி வருசம். அப்டி நெனச்சா கொட்ட ஒடைக்கறது கஷ்டமாவே தெரியாது. நம்ம லாயக்கு இவ்ளோதான்னு இருந்துடலாம். எதோ ஒரு நிம்மதி. இப்ப அதுவும் போச்சி."

உள்ளேயிருந்து மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வரேங்க" என்றாள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கொட்டையை எடுத்து வைத்தாள். ஆனால் நெம்புகோலை அமுக்கவில்லை. கையை அதன் மேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மற்றவர்கள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள்.